பட்டறைக்காரர் குரலும் கேட்கட்டும்



சீன மின்சார சைக்கிள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜனவரியில் மலிவு விலையில் சரக்கைக் கொட்டுவதைத் தடுக்கும் வரி (ஆன்டி-டம்பிங்), மானிய எதிர்ப்பு வரி இரண்டும் சேர்த்து 18.8 முதல் 79.3 சதவீதம் வரை போட்டு, 2025 ஜனவரியில் மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டித்திருக்கிறது. தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆன்டி-டம்பிங் வரி பழைய சங்கதிதான். 2006 முதல் 2011 வரை சீன, வியட்நாம் தோல் ஷூக்களுக்கும் இதையே போட்டார்கள்.

இந்தியாவில் இப்படி வரி போடச் சொல்லி விசாரணை கேட்க, உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் செய்பவர்களின் ஆதரவு வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு அது முடியும். பழைய சைக்கிளில் மோட்டாரும் பேட்டரியும் மாட்டித் தருகிற மெக்கானிக், அடக்க விலைக் கணக்கோடு டெல்லிக்கா போவார்? அவர் வாங்கும் கன்ட்ரோலரே வெளிநாட்டுச் சரக்கு. முழு வண்டிக்கு வரி போட்டால் அவருக்கு லாபம். உதிரிபாகத்தையும் சேர்த்தால் கடைக்குப் பூட்டுதான். நாளை இங்கும் விசாரணை வந்தால், இவரைப் போன்றவர்களும் கருத்துச் சொல்ல ஏதுவாக, அறிவிப்பை அரசு தமிழிலும் வெளியிடட்டும்.

– ஒரு வாசகர், ஆலங்காயம்