கண் ஏமாந்தது! காது கண்டுபிடித்தது!

பாட்டு இல்லை. ராகம் இல்லை. தாளமும் இல்லை. ரெயில் ஓடும் சத்தம், எந்திரம் இரையும் சத்தம், மழை பெய்யும் சத்தம், தவளை கத்தும் சத்தம் – இவை மட்டுமே உள்ள இசைத்தட்டுகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. காசு கொடுத்து வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

"இது என்ன பைத்தியக்காரத்தனம்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இப்படிக் காது கொடுத்துக் கேட்டதால் ஒரு காட்டுக்கு நேர்ந்த கேடு வெளியே தெரிந்தது. திமிங்கில வேட்டையை எதிர்த்து உலகம் குரல் எழுப்பியது. எப்படி என்று பார்ப்போம்.

கலவரத்தில் முடிந்த கச்சேரி

இதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் லூய்கி ருஸ்ஸோலோ. இத்தாலி நாட்டு ஓவியர். "நகரம் முழுவதும் எந்திரம் வந்துவிட்டது. அந்தச் சத்தங்களும் இசையில் சேர வேண்டும்" என்பது அவர் கட்சி. 1913-ம் ஆண்டு இதை எழுதி வெளியிட்டார். உறுமவும் சீறவும் கூடிய பெட்டிகளைச் செய்தார். 1914-ம் ஆண்டு மிலான் நகரில் கச்சேரி வைத்தார். கூடியிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். பெரிய ரகளை ஆகிவிட்டது!

அடுத்து வந்தவர் பிரான்சு நாட்டு வானொலி என்ஜினீயர் பியர் ஷேஃபர். அவர் பாரீஸ் நகரில் ஒரு ரெயில் நிலையத்துக்குப் போனார். எஞ்சின்களின் விசிலையும், பெட்டிகள் ஓடும் ஓசையையும் இசைத்தட்டில் பதிவு செய்தார். அவற்றை வெட்டி ஒட்டியதுபோல் முன்னும் பின்னுமாகக் கோத்தார். 1948-ம் ஆண்டு அக்டோபர் 5-ந்தேதி அது வானொலியில் ஒலிபரப்பானது.

இன்று சினிமாப் பாட்டுகளில் பறவைக் குரலும் தெரு ஓசையும் கலந்து வருகின்றன. அதற்கு வழி திறந்தவர்களில் ஷேஃபரும் ஒருவர்.

மசாமி அகிதா என்ற ஜப்பானியர் 1979-ம் ஆண்டு முதல் வெறும் இரைச்சலையே இசையாகத் தந்து வருகிறார். அதற்கும் உலகமெங்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் சத்தத்தைக் கூட்டி வைத்து நெடுநேரம் கேட்டால் காது கெடும். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்லியிருக்கிறது. சத்தம் ஏற ஏற, கேட்கும் நேரம் குறைய வேண்டும்.

இவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நாம் ஒதுக்கும் சத்தத்தையும் கவனித்துக் கேளுங்கள்." அந்தக் கவனத்தை இன்னொருவர் காட்டுக்குள் கொண்டுபோனார்.

பறவைகள் எங்கே?

அவர் பெயர் பெர்னி கிராஸ். அமெரிக்கர். சினிமாப் படங்களுக்கு மின்சார இசைக்கருவி வாசித்தவர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, காடு காடாகப் போய் ஒலிகளைப் பதிவு செய்தார்.

கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற புல்வெளி இருக்கிறது. சுற்றிலும் காடு. அங்கே மரம் வெட்ட ஒரு கம்பெனி வந்தது. "காட்டை மொட்டை அடிக்கமாட்டோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெட்டுவோம். காட்டுக்குச் சேதம் வராது" என்று ஊராரிடம் சொன்னது.

வெட்டுவதற்கு முன், 1988-ம் ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில் கிராஸ் அங்கே ஒலிப்பதிவு செய்தார். பறவைகளின் குரல் நிரம்பி வழிந்தது.

மரம் வெட்டிய பிறகு, அடுத்த ஆண்டு அதே பருவத்தில், அதே நேரத்தில் போனார். அதே இடத்தில் நின்றார். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. புகைப்படத்திலும் காடு பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது. ஒலிப்பதிவைக் கேட்டால்... ஓடைத் தண்ணீரின் சலசலப்பு. ஒரு மரங்கொத்தி தட்டும் ஓசை. அவ்வளவுதான்!

ஒரே ஒரு பதிவை வைத்து முடிவு கட்டக்கூடாது. மழை, வெயில் மாறினால் பறவைகளும் கூடும், குறையும். ஆகவே கிராஸ் 25 ஆண்டுகளில் பல முறை அங்கே போய்ப் பதிவு செய்தார். பழைய கலகலப்பு திரும்பவில்லை.

காரணம் எளிது. கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் தெரியும். காதுக்கு நாலு பக்கமும் கேட்கும். மரத்தின் பின்னால் இருக்கும் குருவியையும் காது கண்டுபிடித்துவிடும்.

கடலுக்குள் பாட்டு

பெர்முடா தீவுக்கு அருகே, கடலுக்கு அடியில் கேட்கும் ஒலிகளை அமெரிக்கக் கடற்படைக்காக ஒரு என்ஜினீயர் பதிவு செய்து வந்தார். அதில் விநோதக் குரல்கள் விழுந்தன. கூனல் முதுகுத் திமிங்கிலங்களின் குரல் அது! ரோஜர் பெய்ன் என்ற விஞ்ஞானி அதைக் கேட்டார். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். "இது சத்தம் அல்ல, பாட்டு" என்றார்.

1970-ம் ஆண்டு அது இசைத்தட்டாக வெளிவந்தது. அப்போது திமிங்கிலங்கள் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டு வந்தன. எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் உள்ள ஒரு பிராணி என்று நினைத்திருந்தவர்கள், அது பாடுவதைக் கேட்டு மனம் இளகினார்கள். எதிர்ப்பு வலுத்தது. வியாபார வேட்டையை நிறுத்த 1982-ம் ஆண்டு சர்வதேச திமிங்கில கமிஷன் தீர்மானித்தது. சில நாடுகள் இன்றும் வேட்டையாடினாலும், அந்தத் திமிங்கில இனம் பல கடல்களில் மீண்டும் பெருகியிருக்கிறது.

பதில் வராத குரல்

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கௌவாய் என்ற தீவு. அங்கே 'ஓஓ' என்ற கருநிறப் பறவை வாழ்ந்தது. வெளியிலிருந்து வந்த கொசுக்கள் பரப்பிய நோயும், எலிகளும், புயல்களும் அந்த இனத்தை வாட்டின. கடைசியில் எஞ்சியதாகக் கருதப்படும் ஆண் பறவை, ஜோடியை அழைத்துப் பாடிய பாட்டு ஒலிநாடாவில் இருக்கிறது. பதில் குரல் இல்லை. 1987-ம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. 2023-ம் ஆண்டு அமெரிக்க அரசு, "இந்த இனம் அழிந்துவிட்டது" என்று அறிவித்தது. ஒலிநாடா இருக்கிறது. பறவை இல்லை!

கணக்குப் புத்தகம்

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒலிப்பதிவு எதையும் காப்பாற்றிவிடாது. அது ஒரு கணக்குப் புத்தகம். மரம் வெட்டும் முன்பே கிராஸ் பதிவு செய்ததால்தான், எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல முடிந்தது. திமிங்கிலம் உயிரோடு இருக்கும்போதே உலகம் அதன் குரலைக் கேட்டதால்தான் பலன் கிடைத்தது. 'ஓஓ' பறவைக்குக் கணக்கு எழுதினோம்; கடையைக் காப்பாற்றவில்லை.

ஜப்பான் அரசு இதை உணர்ந்தது. எந்த ஒலிகளைக் காக்க வேண்டும் என்று 1996-ம் ஆண்டு மக்களிடமே கேட்டு, 100 ஒலிக்காட்சிகளின் பட்டியலை வெளியிட்டது. கடலில் மிதக்கும் பனிக்கட்டிகள் உரசும் ஓசையும் அதில் ஒன்று.

முன்பு இதற்குப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. இன்று கையில் இருக்கும் செல்போனே போதும். விடியற்காலையில் ஐந்து நிமிடம் வாசலில் வைத்துப் பதிவு செய்யுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் மறுபடியும் பதிவு செய்யுங்கள். இரண்டையும் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டி, எந்தக் குரல் குறைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

இன்று எழுதாத கணக்கை நாளை சரிபார்க்க முடியாது!