ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க பார்ப்பீங்க?

கோவையின் ‘நக்கலைட்ஸ்’ குழு நம் கொங்குத் தமிழையே முதலாக வைத்து யூடியூபில் பெயர் எடுத்த பிறகு, இந்தப் பக்கம் சேனலோ வெப்சைட்டோ இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். அரிசிம்பருப்பு சாதம் செய்து காட்டும் அக்கா, தென்னை வாடல் நோய்க்கு வழி சொல்லும் பொள்ளாச்சி அண்ணன், தேர்வுக் குறிப்பு எழுதும் டீச்சர் என்று ஆளுக்கு ஒன்று. எல்லோருக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. அடுப்பில் பால் பொங்குவதற்குள் இரண்டு தடவை போனை எடுத்து, ‘இன்னிக்கு எத்தனை பேர் பார்த்தாங்க, எத்தனை ரூபா ஏறிருக்கு’ என்று பார்ப்பது!

பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த ‘இன்னிக்கு’ நம்முடைய இன்றைக்கு இல்லை. யூடியூப் தன் புள்ளிவிவரத்தில் நாளைக் கணக்கிடுவது அமெரிக்காவின் கலிஃபோர்னியா நேரப்படி. அங்கே நள்ளிரவு 12 என்றால் நமக்கு மதியம் 12.30, அவர்களின் குளிர்காலத்தில் 1.30. அதாவது நம் காலைப்பொழுது முழுவதும் அதன் கணக்கில் முந்தைய நாள்தான். வருமானக் கணக்கு இன்னும் மெதுவாக, இரண்டு நாள் பின்தங்கித்தான் வரும். பாதி நாளை முழு நாளோடு ஒப்பிட்டு, ‘விழுந்துபோச்சு’ என்று முகம் வாடுகிறவர்களை என்ன சொல்ல?

இன்னொன்று, அங்கே தெரியும் தொகை வெறும் உத்தேசம். செல்லாத கிளிக்குகளைக் கழித்த பிறகு, யூடியூப் வருமானம் அடுத்த மாதம் 7-லிருந்து 12-ம் தேதிக்குள்தான் ஆட்சென்ஸ் கணக்கில் ஏறும். வெப்சைட் விளம்பர வருமானம் 3-ம் தேதி வாக்கில் முடிவாகும். பணம் அனுப்புவது 21-லிருந்து 26-ம் தேதிக்குள். அதுவும் 100 டாலர் சேர்ந்திருந்தால்தான். இல்லாவிட்டால் அடுத்த மாதம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் பழகிய வீடுகளுக்கு இது பிடிபட நாளாகும். உத்தேசத் தொகையை நம்பி தவணையில் கேமரா எடுப்பவர்களும், சீட்டில் சேருபவர்களும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்படியானால் எப்போது பார்ப்பது? வருமானத்தை மாதம் ஒருமுறை, 12-ம் தேதிக்குப் பிறகு பாருங்கள். பார்வையாளர் கணக்குக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். ஞாயிறை ஞாயிறோடு ஒப்பிடுங்கள், திங்களோடு அல்ல. ஜனவரி வருமானத்தை டிசம்பரோடு ஒப்பிட்டு அழவேண்டாம். பண்டிகைக் காலம் முடிந்ததும் விளம்பரக் கம்பெனிகள் கையை இறுக்குவது வழக்கம். வெப்சைட் வைத்திருப்பவர்கள் மட்டும் தினம் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. நேற்று ஆயிரம் பேர் வந்த இடத்தில் இன்று பூஜ்யம் என்றால், டொமைனுக்குப் பணம் கட்ட மறந்திருக்கலாம். புது வீடியோ போட்ட அன்றும் பார்க்கலாம்; தலைப்போ முகப்புப் படமோ எடுபடவில்லை என்றால் உடனே மாற்ற முடியும்.

அடிக்கடி பார்ப்பதில் நேரம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எண் ஏறவில்லையே என்ற ஆதங்கத்தில் மச்சானையும் மாமனையும் விட்டு விளம்பரத்தைத் தட்டச் சொல்வது. சொந்த விளம்பரத்தைத் தானே தட்டுவதும், பிறரைத் தட்டச் சொல்வதும் விதிமீறல். கணக்கையே முடக்கிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போகும்.

பத்து தடவை எண்ணைப் பார்க்கிறவர்கள் கோட்டை விடுவது வேறொன்றை. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க எண் ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். வந்து சேர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். தோட்டத்துச் சாளை முகவரியைக் கொடுத்திருந்தால், தபால்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்க.