கூரைக்கு மேலே கேமரா, கூரைக்குக் கீழே மக்கள்

ஒரு வீட்டின் கூரையில் விரிசல் விட்டிருக்கிறதா, ஓடு நகர்ந்திருக்கிறதா, மழைநீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால், ஏணி சாத்தி ஒரு தொழிலாளி மேலே ஏறியாக வேண்டும். பாசி படர்ந்த தளத்தில் கால் வழுக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆள் எடை தாங்காமல் உடையும். கூரையிலிருந்து விழுந்து உயிரிழக்கும் தொழிலாளியின் கதை நாளேட்டின் உள்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. இரண்டு கிலோ எடைகூட இல்லாத ஒரு ட்ரோன் இந்த வேலையைச் சில நிமிடங்களில் செய்து முடிக்கிறது. வெப்பத்தைப் படமெடுக்கும் கேமராவைப் பொருத்தினால், தளத்துக்குள் ஈரம் ஊறியிருக்கும் இடத்தைக்கூடப் பல நேரங்களில் அடையாளம் காட்டிவிடுகிறது. மனித உயிரைப் பணயம் வைக்காமல் ஒரு வேலை நடக்குமென்றால் உழைக்கும் வர்க்கம் அதை வரவேற்கவே செய்யும். கருவியோடு அதற்குப் பகை இல்லை.

எனில், இன்று இந்தியாவின் வீட்டுக் கூரைகளுக்கு மேல் பறந்துகொண்டிருக்கும் ட்ரோன்கள் எதைத் தேடுகின்றன? ஒழுகும் கூரையையா, வரி போடத்தக்க கூரையையா? இந்தக் கேள்விக்கான விடையில்தான் ஒன்றிய ஆட்சியாளர்களின் வர்க்கச் சார்பு வெளிப்படுகிறது.

2020 ஏப்ரல் 24 அன்று, பொதுமுடக்கத்தின் நடுவே, ஒன்றிய அரசு ஸ்வாமித்வா திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களின் குடியிருப்புப் பகுதிகளை ட்ரோன் மூலம் படமெடுத்து, வீட்டுக்கு வீடு எல்லை வரைந்து, சொத்து அட்டை வழங்குவது இத்திட்டம். இந்திய நில அளவைத் துறை இந்தப் பணியைச் செய்கிறது. 2025 ஜனவரி 18 அன்று ஒரே நாளில் 65 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள் வழங்கப்பட்டதாகவும், 3.17 லட்சத்துக்கும் அதிகமான கிராமங்களில் ட்ரோன் அளவை முடிந்துவிட்டதாகவும் அரசு அறிவித்தது.

கிராமப்புற ஏழைகளுக்கு வீட்டுக்கான ஆவணம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆங்கிலேய ஆட்சி, நிலவரி தரும் விளைநிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தது. வரி தராத குடியிருப்புப் பகுதியைப் பல மாகாணங்களில் அளக்காமலே விட்டது. பழைய பஞ்சாபிலும் டெல்லியிலும் வரைபடத்தில் ஊரைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டு, அதற்கு ‘லால் டோரா’ என்று பெயரிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் கையில் காகிதம் ஏதுமில்லை. அவர்களுக்கு உரிமை ஆவணம் கிடைப்பது நீண்டகாலக் கோரிக்கையின் நிறைவேற்றமாக இருந்திருக்க முடியும்.

ஆனால் திட்டத்தின் நோக்கங்களாக அரசே அறிவித்திருப்பவற்றைக் கவனிக்க வேண்டும். வீட்டை வங்கிக் கடனுக்கு ஈடு வைக்கத்தக்க நிதிச் சொத்தாக மாற்றுவது ஒன்று. சொத்துவரியை நிர்ணயிப்பது மற்றொன்று. விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காமல், நிலத்தை அடகு வைத்துக் கடனில் மூழ்கிய விவசாயிக்கு மிஞ்சியிருப்பது அவர் குடியிருக்கும் வீடு ஒன்றுதான். வருமானத்தை உயர்த்த வழி செய்யாத அரசு, அந்த வீட்டையும் அடகுக் கடைக்கு எடுத்துச் செல்லும் வழியைத் திறந்துவிட்டு, அதற்கு அதிகாரமளித்தல் என்று பெயர் சூட்டுகிறது.

அளவையிலும் சிக்கல் இருக்கிறது. மேலிருந்து எடுக்கும் படத்தில் தெரிவது கூரை, சுவர் தெரிவதில்லை. இறவாரம் இரண்டடி வெளியே நீண்டிருந்தால் எல்லைக் கோடும் நகரும். மரம் கவிந்த வீடு படத்தில் மறைந்துபோகும். இதனால்தான் ட்ரோன் பறப்பதற்கு முன்பு ஒவ்வொரு வீட்டின் எல்லையிலும் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், வரைபடம் தயாரான பிறகு நேரில் சரிபார்க்க வேண்டும், ஆட்சேபணைக்கு அவகாசம் தர வேண்டும் என்றெல்லாம் நடைமுறை வகுக்கப்பட்டுள்ளது. அந்தச் சுண்ணாம்புக் கோட்டை யார் நின்று போடுகிறார்கள் என்பதே உண்மையான கேள்வி. ஆதிக்க சாதி நிலவுடைமையாளரும் அவரது ஆட்களும் நிற்கும் இடத்தில், அவரது நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு வாழும் தலித் விவசாயத் தொழிலாளியின் குரல் எவ்வளவு தூரம் எடுபடும்? ஒரு கூரைக்குக் கீழ் யாருக்கு உரிமை என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. கணவனால் கைவிடப்பட்ட பெண், பாகம் பிரிக்காத சகோதரர்கள், பல பத்தாண்டுகளாகப் புறம்போக்கில் குடியிருப்போர் ஆகிய எவரும் படத்தில் தெரிவதில்லை. ஏற்கெனவே நிலவும் அதிகாரப் படிநிலையை அப்படியே அட்டையில் அச்சிட்டுத் தருவதாக இந்த அளவை முடிந்துவிடும் ஆபத்து உண்டு.

கிராமத்தில் தொடங்கியது நகரத்துக்கும் வந்துவிட்டது. 2025 பிப்ரவரி 18 அன்று மத்தியப் பிரதேசத்தின் ராய்சேனில் நக்ஷா என்ற நகர்ப்புற நில அளவைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. முன்னோடியாக 152 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் வான்வழிப் படமெடுப்பு மூலம் அளவை நடக்கும் என அறிவிக்கப்பட்டது. பல மாநகராட்சிகள் இதற்கு முன்பே, சொத்துவரி மதிப்பீட்டுக்காகத் தனியார் நிறுவனங்களைக் கொண்டு ட்ரோன் அளவை நடத்தத் தொடங்கிவிட்டன.

இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற வேண்டுமானால், சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும். மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வரி வசூலும் உயர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்தது. மாநிலங்களோடு பகிரத் தேவையில்லாத செஸ்களையும் கூடுதல் வரிகளையும் பெருக்கிக்கொண்ட ஒன்றிய அரசு, உள்ளாட்சிகளின் பற்றாக்குறையை ஈடுகட்டும் சுமையைக் குடியிருப்போர் தலையில் இறக்குகிறது. அதற்கான அளவுகோலாக ட்ரோன் வந்து சேர்கிறது.

வரியே கூடாது என்பது இடதுசாரிகளின் வாதமல்ல. பரப்பளவைக் குறைத்துக் காட்டி ஏய்க்கும் வணிக வளாகங்களையும், தனியார் மருத்துவமனைகளையும், சுயநிதிக் கல்லூரிகளையும் ட்ரோன் அளக்கட்டும்; பாக்கியைக் கறாராக வசூலிக்கட்டும். நடைமுறையில் முதலில் சிக்குவது யார்? மூத்த மகனுக்குத் திருமணமான பின் மொட்டை மாடியில் தகடு போட்டு ஓர் அறை எழுப்பிய தொழிலாளி குடும்பமே சிக்குகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்த படத்தைக் காட்டி, கூடுதல் கட்டுமானம் என்று முத்திரை குத்தி, வரியை உயர்த்தும்போது மறுத்துப் பேசும் வலிமை அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

இனி, ட்ரோனுக்குத் தெரியாத பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏழைகளின் வீட்டில் கூரையின் ஆபத்து பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஈரம் இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரை பெயர்ந்து உறங்கும் குழந்தையின் மேல் விழுகிறது. மேலே ஓர் அடுக்குச் சிமெண்ட் பூச்சு பூசியிருந்தால், வானிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தத் தளம் நல்ல தளமாகவே தெரியும். வீட்டுக்குள் வந்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, குடியிருப்போரிடம் கேட்டறியும் பொறியாளர்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். உள்ளாட்சிகளில் அந்தப் பொறியாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்போது, ட்ரோன் ஒப்பந்தங்கள் மட்டும் தடையின்றிக் கையெழுத்தாகின்றன.

2020 செப்டம்பர் 21 அதிகாலையில், விசைத்தறி நகரமான பிவண்டியில் மூன்று மாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்து ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அருகிலுள்ள மும்பையில் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்பு மிக ஆபத்தான கட்டடங்களின் பட்டியல் வெளியிடப்படுகிறது. பட்டியலுக்குப் பஞ்சமில்லை. நோட்டீஸ் ஒட்டுவதற்கும் குறைவில்லை. வெளியேறினால் எங்கே தங்குவது, புதிய கட்டடத்தில் தமக்கு வீடு கிடைக்குமா, அதற்குள் நிலம் ரியல் எஸ்டேட் முதலாளியின் கைக்குப் போய்விடுமா என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாததால்தான் மக்கள் விரிசல் விட்ட கூரைக்குக் கீழேயே உறங்குகிறார்கள். பழுதைக் கண்டறியும் கேமராவோடு, பழுதுபார்க்கும் பணமும் மாற்று வீடும் வந்தால்தான் உயிர்கள் காக்கப்படும்.

எடுத்த படங்கள் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்பதும் முக்கியமானது. 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவுகள் மீதான கட்டுப்பாடுகளை ஒன்றிய அரசு தளர்த்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய ட்ரோன் விதிகள் வந்தன. படிவங்களை 25-லிருந்து 5 ஆகக் குறைத்ததையும், கட்டண வகைகளை 72-லிருந்து 4 ஆகக் குறைத்ததையும் சாதனையாகச் சொன்ன அரசு, வீட்டாரின் அந்தரங்கத்தைக் காக்கத் தனி விதி எதையும் அவற்றில் சேர்க்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விரிவான விலக்கு தர வழி செய்கிறது. மொட்டை மாடி வீட்டின் ஓர் அறையைப் போன்றது. துணி உலர்த்துவதும், வற்றல் காயவைப்பதும், கோடையில் குடும்பத்தோடு உறங்குவதும் அங்கேதான். சொல்லாமல் அங்கே எட்டிப் பார்க்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் வீட்டுக் கூரைகளை வானிலிருந்து படமெடுத்து, பாசியையும் பழைய தகட்டையும் காரணம் காட்டிக் காப்பீட்டைப் புதுப்பிக்க மறுத்துவருகின்றன. தன் வீடு படமெடுக்கப்பட்டதே மறுப்புக் கடிதம் வந்த பின்புதான் வீட்டாருக்குத் தெரிகிறது. வீட்டை ஈடாக வைத்துக் கடன் வாங்கச் சொல்லும் ஆட்சியில், கூரைப் படத்தைப் பார்த்து வட்டியையும் பிரீமியத்தையும் முடிவு செய்யும் நாள் இந்தியாவிலும் தொலைவில் இல்லை.

ஆட்சியாளர்களை எதிர்ப்போரின் வீடுகள் மீதும், சிறுபான்மையினரின் வீடுகள் மீதும் புல்டோசர் ஏறிய காலம் இது. குற்றச்சாட்டு ஒன்றையே காரணமாக்கி வீட்டை இடிக்க முடியாது, 15 நாள் முன்னறிவிப்பும் விசாரணையும் கட்டாயம் என்று 2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பதற்றமான பகுதிகளில் மொட்டை மாடிகளை ட்ரோன் கொண்டு கண்காணிப்பது வட மாநிலக் காவல்துறையின் வாடிக்கையாகிவிட்ட நிலையில், வரிக்காக எடுத்த படம் நாளை ஆக்கிரமிப்புக்கான சாட்சியமாக மாறாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மாற்று வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 நவம்பர் 1 அன்று 200 கிராமங்களில் டிஜிட்டல் நில மறுஅளவையைத் தொடங்கியபோது, அதற்கு முன்பாகவே வார்டு அளவில் சர்வே சபைகள் கூட்டப்பட்டன. எதற்காக அளக்கிறார்கள், எந்த ஆவணம் வேண்டும், எப்படி ஆட்சேபிப்பது என்பதை மக்களிடம் விளக்கிய பின்னரே கருவிகள் களத்துக்கு வந்தன. முதலில் மக்கள், பிறகு கருவி என்பதே ஜனநாயக வரிசை.

இந்த வரிசையை நாடெங்கும் வலியுறுத்த வேண்டும். முன்னறிவிப்பும் கிராம சபை அல்லது வார்டுக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் குடியிருப்புகள் மீது ட்ரோன் பறக்கக் கூடாது. எடுத்த படத்தை வீட்டாருக்குக் காட்ட வேண்டும். சொன்ன நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்துவதும், வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ காவல்துறைக்கோ தருவதும் சட்டப்படி தடுக்கப்பட வேண்டும். சொத்து அட்டை கணவன், மனைவி இருவர் பெயரிலும் அமைய வேண்டும். புறம்போக்கில் நெடுங்காலம் குடியிருப்போருக்குப் பட்டா தர வேண்டும். சிறு வீடுகளுக்கு வரி உயர்வு கூடாது. பொதுக் குடியிருப்புகள், தொழிலாளர் குடியிருப்புகள், அரசுப் பள்ளிகள் ஆகியவற்றின் கூரைகளை ஆண்டுதோறும் மழைக்கு முன்பு ட்ரோனும் பொறியாளரும் சேர்ந்து ஆய்வு செய்து, முடிவை வெளியிட்டு, பழுதுபார்க்க நிதி ஒதுக்க வேண்டும். இந்தப் பணியைத் தனியாருக்குக் குத்தகை விடாமல், உள்ளாட்சியே இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும்.

கிளைகளுக்கு இதில் உடனடி வேலை இருக்கிறது. சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் நிலமற்றவரின் பக்கம் கட்சித் தோழர்கள் நிற்க வேண்டும். ஆட்சேபணைக் காலம் முடிவதற்குள் மனுக்களை எழுதித் தர வேண்டும். நகரங்களில் வரி நோட்டீஸ் வந்த வீடுகளுக்கும், காரை பெயர்ந்த வீடுகளுக்கும் நேரில் சென்று, இரண்டையும் ஒரே பட்டியலாக்கி உள்ளாட்சி மன்றத்தின் முன் வைக்க வேண்டும். வரி கேட்க வரும் அரசு, ஒழுகும் கூரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.