பையன் பேரு போலீஸ் புக்குல ஏறிடுச்சா?

"ஏனுங்க்கா, ஒருக்கா பேரு போலீஸ் புக்குல ஏறிட்டா அழியவே அழியாதாமா? நெசந்தானுங்களா?"

மோகனூரில் எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் ஒரு சகோதரி போன வாரம் என்னைக் கேட்டார். அவருடைய மகன் 15 வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து யாருடைய சைக்கிளையோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். விஷயம் நாமக்கல்லில் இளைஞர் நீதிக் குழுமம் வரை போய், கண்டித்து, புத்தி சொல்லி அனுப்பினார்கள். இப்போது பையனுக்கு 19 வயது. போலீஸ் வேலைக்கு எழுத ஆசை. "உனக்கெல்லாம் அந்த வேலை எங்கேடா கிடைக்கப்போகுது?" என்று உறவுக்காரர்களே சொல்லிச் சொல்லி, விண்ணப்பமே போடமாட்டேன் என்கிறானாம்.

இந்தப் பயம் பல தாய்மார்களுக்கு உண்டு. ஆகவே, சட்டம் என்ன சொல்கிறது என்று இந்த முறை பார்ப்போம்.

நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால், அது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி விசாரிக்கப்படும். மாவட்டத்துக்கு ஒரு குழுமம். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூக சேவகர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அங்கே பிள்ளையைக் 'குற்றவாளி' என்று சொல்வதில்லை. 'சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை' என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைத் தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழுமம் விசாரித்து முடித்த பிள்ளைக்கு, வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், அந்த வழக்கால் தகுதிக்குறைவு எதுவும் வரக்கூடாது என்கிறது. காகிதங்களையும் காலத்துக்கும் கட்டிவைக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் அப்பீல் காலம் அல்லது 7 ஆண்டு வரை பத்திரமாக வைத்திருந்து, பிறகு அழித்துவிட வேண்டும் என்கின்றன.

74-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிள்ளையின் பெயர், விலாசம், படிக்கும் பள்ளிக்கூடம், போட்டோ எதையும் பத்திரிகையிலோ வேறெதிலோ வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. முடிந்துபோன வழக்கைப் பற்றி நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூடப் போலீசார் தகவல் தரக்கூடாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. 16 வயது நிரம்பிய பையன், குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டுக்குக் குறையாத கொடிய குற்றத்தைச் செய்து, குழந்தைகள் நீதிமன்றம் அவனைப் பெரியவனைப் போல விசாரித்துக் குற்றம் நிரூபணமானால், இந்தச் சலுகை கிடையாது. பதிவும் அழியாது.

எல்லா நாட்டிலும் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2006-ல் வந்த ஒரு மத்திய சட்டம், கடுமையான பாலியல் குற்றம் செய்த 14 வயதுப் பிள்ளைகளையும் மாநிலங்கள் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவரைக் காப்பது முக்கியம்தான். ஆனால் விவரம் தெரியாத வயதில் பேரேட்டில் ஏறிய பிள்ளை எப்படித் திருந்தி வாழும் என்று அங்கேயே பலர் கேட்கிறார்கள்.

நம் சீமைக்கும் பேரேடு புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்த பாவத்துக்கே கைரேகை வைக்கச் சொன்னார்கள். 'ரேகைச் சட்டம்' என்றே ஜனங்கள் அதைச் சொன்னார்கள். அதே மாகாணத்தில்தான் 1920-ல், இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டமும் வந்தது. ரேகைச் சட்டம் இங்கே 1947-ல் ஒழிந்தது. பிள்ளைகளைத் தனியாக விசாரித்துத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் நிலைத்தது.

சரி, தாய்மார்கள் செய்ய வேண்டியது என்ன?

பிள்ளையைப் போலீஸ் அழைத்துப் போனால் பதறி அழுதுகொண்டு உட்காராதீர்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும். இதையெல்லாம் மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். பையனின் வயதுக்கு அத்தாட்சியாகப் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ கையோடு கொண்டுபோங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கவலை வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச உதவி உண்டு.

வழக்கு முடிந்ததும் குழுமத்தின் உத்தரவு நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேலை விண்ணப்பத்தில் 'வழக்கு ஏதேனும் உண்டா?' என்ற கேள்வி இருந்தால், அக்கம்பக்கத்தார் சொன்னபடி எழுதிவிடாமல், அந்த நகலோடு இலவசச் சட்ட உதவிக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள். சிறு வயதில் வழக்கில் சிக்கிய ஒருவருக்கு மத்தியப் போலீஸ் படையில் வேலை மறுத்ததை 2019-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பையனுக்கு இதைச் சொல்லுங்கள், தைரியம் வரும்.

கடைசியாக, அக்கம்பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குழுமத்தின் காகிதம் 7 வருஷத்தில் போய்விடும். தண்ணீர்க் குழாயடியில் நாம் சொல்கிற "அந்தத் திருட்டுப் பையன்" போவதில்லை. அவன் காதில் அது விழ விழ, திருந்த நினைக்கும் பிள்ளைக்கும் மனம் விட்டுப்போகும். அந்தப் பேச்சை நிறுத்தச் சட்டம் வராது சகோதரிகளே, நாமேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.