பன் மாவுக்கு ஒரு கொடைக்கானல்

ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பருவம் பார்க்கிறவர்கள் நாம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திண்டுக்கல் ஊரோ 300 மீட்டரைக்கூடத் தொடாத சமவெளி. அதே மைதா, அதே ஈஸ்ட், அதே பால்தான். மலையில் பிசைந்து மூடிவைத்த மாவு ஆற அமர எழும்பும். இங்கே சித்திரை வெயிலில், மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்குவதற்குள் பாத்திரம் நிறைந்துவிடும். இன்னும் சற்று விட்டால் புளித்த வாடை அடித்து அமுங்கிப்போகும். பன் சுட்டுப் பார்த்து, நமக்கு இது வராது என்று விட்டுவிட்ட பல வீடுகளில் கைப்பக்குவம் குறையவே இல்லை. வெயில்தான் கெடுத்தது.

வழி இருக்கிறது. முதல் நாள் இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவுக்கு அதுதான் கொடைக்கானல். 4 டிகிரி குளிரில் ஈஸ்ட் வெகுவாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் மைதா பாலை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மாவு இறுகி, காலையில் உருட்டும்போது கையில் ஒட்டாது. மெதுவாகப் புளிப்பதால் மணமும் ருசியும் கூடும். அவசரமாக எழும்பிய மாவில் அந்த ருசி வராது.

அரைக் கிலோ மைதாவுக்கு 300 மில்லி பால், 50 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், 8 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கோடையில் ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறைத்து, குளிர்ந்த பாலில் பிசையுங்கள். கொதிக்கும் பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, எண்ணெய் தடவிய பெரிய டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். காலையில் 16 உருண்டைகளாக உருட்டித் தட்டில் அடுக்கி, ஈரத்துணி போர்த்துங்கள். கோடையில் முக்கால் மணி நேரத்தில் உப்பிவிடும். மார்கழியில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். லேசாக அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். பிறகு 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். இரவில் மின்சாரம் போனாலும் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜின் குளிர் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும்.

இட்லி மாவைப் பருவம் பார்த்துக் கரைத்துவைக்கிற கைகளுக்கு இது புதிய வித்தை இல்லை. கோடையில் எப்போது எடுத்து உள்ளே வைக்க வேண்டும், மழைக்காலத்தில் எங்கே கதகதப்பாக வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு ஈஸ்ட்டும் சீக்கிரம் வசப்படும்.

முன்கூட்டிய தயாரிப்பின் அருமை பண்டிகை நாளில்தான் தெரியும். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பும் முன் உருண்டைகளை உருட்டி ஃபிரிட்ஜில் வைத்தால், விடிந்ததும் சுடச் சுட இறக்கலாம். ரம்ஜான் மாதத்தில் காலையில் பிசைந்துவைத்தால், நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பன் தயார். விருந்தாளிகள் வந்திருக்கும்போது வீட்டுப் பெண்கள் மட்டும் அடுப்படியிலேயே நிற்பது என்ன நியாயம்? வேலையை இரவுக்குத் தள்ளினால் போதாது. பிசைகிற வேலையை வீட்டு ஆண்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைய நல்ல தோள்பலம் வேண்டும். இந்தச் சனிக்கிழமை இரவே அவர்கள் தொடங்கட்டும்.