கல்லுக்குப் பக்கத்தில் யார் நிற்பது?

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரையோரம் இருக்கும் புலிமான்கோம்பையில் 2006-ல் மூன்று நடுகற்கள் கிடைத்தன. கண்டெடுத்தது அப்போது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கா.ராஜனின் ஆய்வுக் குழு. கையில் வில்லேந்திய வீரன், குத்துப்பட்ட குதிரை என்று எதுவும் அவற்றில் செதுக்கப்படவில்லை. தமிழி எனப்படும் தமிழ் பிராமி எழுத்தில் சில சொற்கள் மட்டும்தான். கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில் இறந்துபோன பேடு தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்கிறது ஒன்று. ‘ஆகோள்’ தொல்காப்பியத்தில் வரும் சொல். இலக்கணத்தில் படித்த அந்தச் சொல்லைத் தேனி மண்ணில் ஒரு கல் சுமந்து நின்றிருக்கிறது.

கம்பத்திலிருந்து குமுளி போகும் சாலையில் இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது. மதுரைக்கும் கூடல் என்று பெயருண்டு. கல் சொல்லும் கூடல் எது? இந்தக் கேள்வியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் முன்னால் போட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஆனால், கேள்வியைப் போடக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே!

நம் அருங்காட்சியகங்களில் பெரிய குறை இதுதான். பொருள் இருக்கிறது, கண்ணாடிப் பேழை இருக்கிறது, காவலர் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்து, “தொடாதே, நகரு” என்ற குரலைக் கேட்டுக்கொண்டே வெளியே போய்விடுகிறார்கள். பொருளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்க வேண்டியவர்களைப் பழக்கி எடுப்பதுதான் அருங்காட்சியக இன்டர்ன்ஷிப். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் போன்ற இடங்களில் மாணவர்கள் இப்படிப் பயிற்சி பெறுகிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் எளிதாகத் தெரியும் வேலை இது. ஒரு குறிப்பட்டையையே எடுத்துக்கொள்வோம். ‘நடுகல். புலிமான்கோம்பை. தமிழ் பிராமி எழுத்து’ என்று எழுதினால் தவறில்லை, ஆனால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ‘இந்தக் கல்லில் வீரனின் உருவம் ஏன் இல்லை? உங்கள் வீட்டு மாட்டை யாராவது ஓட்டிக்கொண்டு போனால் இன்று எங்கே போய்ச் சொல்வீர்கள்?’ என்று எழுதினால் பிள்ளை நிற்கும். அந்த அட்டை பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய காகிதமும் துணியும் வைத்த பேழையில் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் புத்தகம் படித்து மட்டும் வராது. ஆறு மாதம் கூடத்தில் நின்று, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்தால்தான் வரும்.

இந்த வேலைக்குக் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்? கம்பத்தில் மாட்டுக்கென்றே தம்பிரான் தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலைமாடு மேய்க்கும் குடும்பத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி அந்த நடுகல் பக்கத்தில் நின்று ஆகோளை விளக்கினால், எந்தப் பேராசிரியரின் விளக்கத்துக்கும் அது குறைந்ததாக இருக்காது. உத்தமபாளையத்தில் பாறை மேல் சமணத் தீர்த்தங்கரர்களும் வட்டெழுத்தும் இருக்கின்றன. போடி அரண்மனைச் சுவரில் ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. லோயர் கேம்பில் 2013 முதல் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. விளக்கிச் சொல்ல இங்கே விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

தடை பணம்தான். ஏலத்தோட்டக் கூலியில் படிக்கும் பிள்ளை, சம்பளமில்லாத பயிற்சிக்காகச் சென்னையில் அறை எடுத்துத் தங்க முடியாது. போடிக்கு 2023 ஜூனில் ரயில் வந்துவிட்டது. ஆனால், டிக்கெட் எடுத்துவிட்டால் மட்டும் ஆறு மாதச் சாப்பாட்டுக்கு வழி பிறந்துவிடாது. சம்பளமில்லாத பயிற்சி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கதவைத் திறக்கிறது. கடைசியில் நம் வரலாற்றைச் சொல்பவர்களும் அவர்கள் மட்டுமே ஆகிவிடுகிறார்கள். இது அநியாயம்.

பணக்கார நாடுகளே இதை உணர்ந்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் 1992-ல் நடந்த கலவரத்துக்குப் பிறகு, அருங்காட்சியகப் பணிகளில் இடம் கிடைக்காத சமூகத்து மாணவர்களுக்காக கெட்டி அறக்கட்டளை 1993-ல் ஊதியத்துடன் கூடிய பயிற்சியைத் தொடங்கியது. பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்று வட அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் 2019-ல் தீர்மானமே போட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி. கம்பத்துக்காரருக்குச் சென்னையைவிட அது பக்கம். 2012-ல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைவிழாவில் 2014 முதல் மாணவர்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடக்கிறது. மாணவர்களுக்குக் கேரளம் தரும் வாய்ப்பைத் தமிழ்நாடு தர முடியாதா? கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்தாகிவிட்டது. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் நடக்கிறது. இரண்டையும் இணைத்து, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, போடி சி.பி.ஏ. கல்லூரி போன்றவற்றிலிருந்து ஆண்டுக்குப் பத்துப் பேரை எடுக்கலாம். பாதி நாள் கீழடியில் கற்கட்டும், பாதி நாள் சொந்த ஊர்ப் பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கட்டும்.

தொழில்பழகுநர் விதிகளில் 2019-ல் பட்டதாரிக்கு வகுத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். அந்தக் கணக்கில் பத்துப் பேருக்கு ஆறு மாதத்துக்கு 5,40,000 ரூபாய் ஆகும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் அரசு அதை ஒதுக்க வேண்டும்.