அச்சாரம் கொடுக்குமுன்

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் வீடு மலிவு என்று தரகர் சொன்னால், "ஏன் மலிவு?" என்று முதலில் கேளுங்கள், சகோதரிகளே! கடற்காற்றைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தையும் குப்பத்துப் படகுகளையும் நாசப்படுத்தியதைச் சொல்ல மாட்டார். அதே மாதம் 26-ந் தேதி இரவு, அருகிலுள்ள பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். ஆகவே மழை நாளில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது என்று அங்கே மீன் விற்கும் அம்மாளைக் கேளுங்கள். தரகரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்!

மனை கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு உட்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். பின்னால் மாடி கட்டத் திண்டாடுவானேன்?

பிடித்துவிட்டதா? சொன்ன விலைக்குத் தலையாட்டாதீர்கள். மூலப் பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று ஆகியவற்றை வக்கீல் பார்த்துச் சரியென்றால்தான் கிரயம். இல்லையேல் அச்சாரம் வாபஸ். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முகம் சுளிக்கிற ஆசாமியிடம் காசை நீட்ட வேண்டாம்.

10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை உண்டு. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்!